வகுப்பை விடுமுன் ஒரு கேள்வி



ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவில், வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் வகுப்பு, மாலையில் கடையில் வேலை. அரசின் நிதியுதவி கிடைத்ததால்தான் அவளால் கல்லூரியில் சேர முடிந்தது. பருவத்தின் நடுவில் தாய் நோயில் விழுகிறார். தோற்பதைவிட விலகுவது மேல் என்று நான்கு பாடங்களில் இரண்டை விட்டுவிடுகிறாள். மீதி இரண்டிலும் நல்ல மதிப்பெண். ஆயினும் பருவ முடிவில், நிதியுதவி நின்றுபோகலாம் என்ற எச்சரிக்கை வருகிறது. எங்கே தவறியது?

சமுதாயக் கல்லூரி என்றதும் நமக்குத் தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது குறைந்த கட்டணத்தில் 2 ஆண்டுப் பட்டமும் தரும் கல்லூரி. அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வோர் பலர். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது 1972-இல் உருவான பெல் மானியம். இது கடன் அல்ல. 2025-26 கல்வியாண்டில் இதன் உச்ச அளவு 7,395 டாலர். குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் சென்றவர்களுக்கு இது கிடையாது.

இந்த உதவியை ஒருமுறை பெற்றால் போதாது, காத்துக்கொள்ளவும் வேண்டும். முதலாவதாக, ஃபாஃப்சா எனும் விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும். அடுத்து, படிப்பில் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும். அதைக் கல்லூரி மூன்று வகையில் அளக்கிறது.

ஒன்று, மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகள் 4-க்கு 2.0 சராசரியை எதிர்பார்க்கின்றன.

இரண்டு, வேகம். எடுத்த கிரெடிட்களில் ஏறக்குறைய 67 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். நம் மாணவி தவறியது இங்கேதான். 12 கிரெடிட் எடுத்து 6 முடித்தால் 50 விழுக்காடுதான். இடையில் விலகிய பாடமும் எடுத்த பாடமாகவே எண்ணப்படும்.

மூன்று, காலம். 60 கிரெடிட் பட்டத்துக்கு 90 கிரெடிட்வரை முயலலாம். அதற்குமேல் உதவி இல்லை. பெல் மானியத்துக்கும் வாழ்நாள் எல்லை உண்டு: முழுநேரப் படிப்புக்கு 6 ஆண்டுகள்.

எல்லாப் பாடங்களையும் ஒருசேர விட்டுவிட்டால் சுமை இன்னும் கூடும். பருவத்தின் 60 விழுக்காடு நாட்கள் கடக்குமுன் விலகினால், கடந்த நாட்களுக்குரிய உதவி மட்டுமே மாணவருடையது. 40 விழுக்காட்டில் விலகினால், 3,000 டாலர் மானியத்தில் 1,200 மட்டுமே அவருக்கு உரியது. மீதியில் கல்லூரி அரசுக்குத் திருப்பிச் செலுத்தும் தொகை, பெரும்பாலும் மாணவர் பெயரில் கட்டணப் பாக்கியாக நிற்கும். அந்தப் பாக்கியே பலரை மீண்டும் கல்லூரி வாசலை மிதிக்கவிடாமல் தடுக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவதும் விலகலாகவே கொள்ளப்படலாம்.

எனினும், ஒருமுறை இழந்தால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பல கல்லூரிகள் முதலில் ஒரு பருவம் எச்சரித்து, அந்தப் பருவத்துக்கு உதவியைத் தொடர்கின்றன. அதன்பின் உதவி நின்றாலும், பெரும்பாலான கல்லூரிகளில் மேல்முறையீடு செய்யலாம். உறவினர் இறப்பு, மாணவரின் நோய் அல்லது காயம், வேறு சிறப்பான நெருக்கடி ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் எழுதி, மருத்துவச் சான்று போன்றவற்றை இணைக்க வேண்டும். 'இனி நன்றாகப் படிப்பேன்' என்று மட்டும் எழுதினால் போதாது.

நம் மாணவியிடம் சோம்பல் இல்லை; அன்புதான் அவளைத் தாயின் படுக்கையருகே அழைத்துச் சென்றது. அவள் செய்யாமல் விட்டது ஒன்றே: யாரிடமும் கேட்கவில்லை. உதவி பெறுபவர் கேள்வி கேட்கக்கூடாது என்ற கூச்சம் எளியவர்களிடம் எங்கும் உண்டு. வகுப்பை விடுமுன் நிதியுதவி அலுவலகத்தில், "இதனால் என் உதவிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தால், ஒரு பாடத்தையாவது காத்திருக்கலாம். மூன்று பாடங்களை முடித்திருந்தால் 75 விழுக்காடு, எச்சரிக்கையே வந்திராது.

அங்கே படிக்கும் பிள்ளைகள் நம் உறவில் இருந்தால், "மதிப்பெண் எவ்வளவு?" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "எத்தனை பாடம் எடுத்தாய், எத்தனை முடித்தாய், ஏதாவது கஷ்டம் உண்டா?" என்றும் அன்போடு விசாரிப்போம். தயங்கும் பிள்ளைக்கு, அலுவலகத்தின் கதவைத் தட்டும் துணிவை அந்த விசாரிப்பே தரக்கூடும்.