மானின் இரத்தம் சொல்லும் சேதி

மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குத் தெரியும்: பசுவுக்குச் சுகமில்லை என்றால் அன்றைக்கே பால் காசு குறைஞ்சிடும். "இந்த வருத்தம் எங்கிருந்து வந்திச்சு?" என்றுதான் முதலில் கேட்போம். வட ஐரோப்பாவில் இதே கேள்வி மான்களைப் பற்றி எழுந்தது. அதற்கு விடை கண்ட விதத்தை இங்கு விளக்குகிறோம்.

மாடுகளைத் தாக்கும் ஹேர்ப்பிஸ் வகை வைரசு ஒன்று உண்டு. அது தொற்றினால் காய்ச்சல் வரும், மூக்கு வடியும், பால் குறையும். சினை மாடு கன்றை இழக்கவும் கூடும். மனிதருக்கு இது தொற்றாது. மாடு தேறிய பின்பும் வைரசு நரம்புக்குள் ஒளிந்திருக்கும். உடல் தளரும் நேரம் மறுபடி வெளிவந்து மற்ற மாடுகளுக்கும் பரவும். பின்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகள் 1990களில் இந்நோயை ஒழித்தன.

அங்கே 'ரெயின்டியர்' என்ற பனிநாட்டு மானை மந்தையாக வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. 1982இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், அம்மான்களின் இரத்தத்தில் மாட்டு வைரசை எதிர்க்கும் பிறபொருளெதிரி காணப்பட்டது. பிறபொருளெதிரி என்பது, உள்ளே வந்த கிருமியோடு போராட உடம்பே உண்டாக்கும் பொருள். அது கிருமியின் காலடித் தடம் மாதிரி. அப்படியானால் மாட்டு நோயை மான்தான் சுமக்கிறதா?

இல்லை. மானுக்கென்றே வேறொரு வைரசு இருப்பது பிறகு தெரிய வந்தது. அது மாட்டு வைரசுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டின் தடமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் பரிசோதனை குழம்புகிறது. ஆகவே ஆய்வுகூடத்தில், இரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக ஐதாக்கி இரண்டு வைரசுகளோடும் தனித்தனியே சேர்த்துப் பார்ப்பார்கள். நன்றாக ஐதான பின்பும் எந்த வைரசை அது தடுக்கிறதோ, அதுவே பெரும்பாலும் உள்ளே வந்து போன வைரசு.

மானின் வைரசும் சும்மா இல்லை. 2009இல் நோர்வேயின் துரொம்ஸ் பகுதியில் ரெயின்டியர்களுக்குக் கண்நோய் பரவியபோது, அவற்றிடம் இந்த வைரசே கண்டுபிடிக்கப்பட்டது.

நாம் அறிய வேண்டியது இதுதான். உங்கள் மாட்டின் இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்கு என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்காகப் பதறி மாட்டை விற்க வேண்டாம். அலட்சியமாகவும் விட வேண்டாம். தடுப்பூசியாலும் அது உண்டாகலாம். கன்றுக்குத் தாயின் சீம்பாலில் இருந்தும் வரலாம். "எந்தக் கிருமிக்கு? மறுபடி பார்க்கணுமா? மாட்டைத் தனியாகக் கட்டணுமா?" என்று மிருக வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.