தாளோடு தாளாக ஓர் உள்ளான்

உள்ளானைப் பார்த்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அது பறந்து ஓடுவதைத்தான் பார்த்திருப்பார்கள். கால் மிதிபடும் தூரம்வரை அசையாமல் கிடந்துவிட்டு, கரகரவென்று ஒரு குரல் கொடுத்து, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறந்து மறைந்துவிடும். உட்கார்ந்திருக்கும் உள்ளானைக் கண்டுபிடிப்பது வேறு வித்தை.

செப்டம்பர் வாக்கில் வடக்கேயிருந்து வந்து, கோடை தொடங்கும்வரை நம் வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் தங்கும் பறவை இது. விசிறிவால் உள்ளான், ஊசிவால் உள்ளான் என்று முக்கியமாக இரண்டு இனங்கள். உடம்பு மைனா அளவுதான். அலகு மட்டும் 6 சென்டிமீட்டர் போகும்.

பழுப்பு நிறம் மட்டுமே அதை மறைப்பதில்லை. பழுப்புப் பறவைகள் எத்தனையோ கண்ணில் படத்தான் செய்கின்றன. நம் கண் ஓர் உருவத்தை அதன் விளிம்பை வைத்தே பிடிக்கிறது. உள்ளானின் முதுகிலோ வெளிர்மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. தலையிலும் அதே மாதிரிப் பட்டைகள். விளிம்புக்கு முன்னால் கோடுகள் கண்ணில் பட்டுவிடும். கண் அவற்றை வைக்கோல் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். உருவத்தை இப்படி உடைத்துக் காட்டும் நிற அமைப்பைப் பற்றி ஹியூ காட் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1940இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு உருமறைப்பு சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆகவே பறவையைத் தேடாதீர்கள், கோட்டைத் தேடுங்கள். அறுத்த தாள் செங்குத்தாக நிற்கும். உதிர்ந்த வைக்கோல் தாறுமாறாகக் கிடக்கும். மூன்று நான்கு கோடுகள் ஒரே போக்கில் பக்கம் பக்கமாகப் போனால் அங்கே பார்வையை நிறுத்துங்கள். அடுத்தது கண். கருப்பாக, உருண்டையாக, தலையில் உயரத்தில், நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்கும். அலகைச் சேற்றில் புதைத்திருக்கும்போதும் மேலேயும் பின்னாலும் பார்க்க முடிவது அதனால்தான். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும்.

அதிகாலையும் பொழுது சாயும் நேரமும் தோது. இரை தேடித் திறந்த சேற்றுக்கு வரும்போது வேஷம் பாதி கலைந்துவிடும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, தண்ணீரும் புல்லும் சேரும் ஓரத்தை பைனாகுலரில் மெல்லத் துழாவுங்கள். தையல் மெஷின் ஊசி மாதிரி அலகு ஏறி இறங்கும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். அந்த அலகின் நுனியில் தொடு உணர்வு அதிகம். மேல் அலகின் நுனி மட்டும் தனியாக வளைந்து திறக்கும். மண்ணுக்குள்ளேயே புழுவைத் தடவிப் பிடித்துவிடும்.

சிலர் வயலில் இறங்கி நடந்து கிளப்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசிவால் சைபீரியா வரை திரும்பிப் போக வேண்டிய பறவை, அதற்கு ஒவ்வொரு விரட்டலும் வீண்செலவு. தானாக எழுந்தால் இறக்கையின் பின் ஓரத்தைக் கவனியுங்கள். வெள்ளை விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் விசிறிவால்; இல்லையென்றால் பெரும்பாலும் ஊசிவால். தரையில் இருக்கையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். ஊசிவாலின் கம்பியாக மெலிந்த ஓரச் சிறகுகள் வால் முழுக்க விரிந்தால்தான் தெரியும்.