மாட்டாஸ்பத்திரியும் பெட் கிளினிக்கும்

நாய்க்கு வைத்தியம் பார்க்கக் காசு செலவழிப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் யாருக்கும் தோன்றாத காரியம். எருமைக்கு மடி வீங்கினால் வீடே பதறும். ஆடு கழிந்தால் அன்றைக்கே மருந்து உண்டு. நாய் இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் படுத்துக் கிடந்தால், "அதுவே புல்லத் தின்னு சரி பண்ணிக்குங் கண்ணு, நாயிக்கெல்லாம் எதுக்கு ஆசுபத்திரி?" என்பார் என் அப்பத்தா. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கடைசிக் கவளத்தை நாய்க்கென்று எடுத்து வைத்த பிறகே கை கழுவுவார்.

ஊருக்கு இருந்தது ஒரே ஒரு மாட்டாஸ்பத்திரி. காரை பெயர்ந்த ஒற்றைக் கட்டடம், முன்னால் மாட்டை நிறுத்திக் கட்ட இரும்புக் குழாயில் ஒரு சட்டம். உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் தட்டில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசிகளையும் அதில் போட்டு எடுத்து, ஆறவிட்டு, அடுத்த மாட்டுக்குப் போடுவார்கள். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கோழிக் கழிச்சல் என்று டாக்டருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. யாராவது நாயைச் சணல் கயிற்றில் கட்டி இழுத்து வந்தால் அவரும் பார்ப்பார். சொறிக்குக் களிம்பு, புண்ணுக்கு மஞ்சள் பொடி போலத் தூவும் மருந்து, அவ்வளவுதான் கையிருப்பு. கட்டணம் இல்லை. எந்த டாக்டரிடம் போவது என்ற கேள்வியும் இல்லை. மாடு அந்த வீடுகளின் மாத வருமானம். அரசாங்கம் மாட்டுக்காக ஆஸ்பத்திரி கட்டியதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் செலவே இல்லை என்று நாம் சொல்லிக்கொண்ட அந்தக் காலத்தில் நாய்கள் எப்படிச் செத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்வோ என்ற வைரஸை உலகம் அடையாளம் கண்டதே 1978இல்தான். அடுத்த சில வருஷங்களில் நம் ஊர்க் குட்டிகளையும் அது வாரிக்கொண்டு போனது. வாந்தி, பிறகு ரத்தமாகக் கழிச்சல், மூன்றாம் நாள் குட்டி இருக்காது. "இந்த வீட்ல குட்டி தங்கறதில்ல" என்று திருஷ்டி கழித்தார்கள். கிருமி மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடந்து அடுத்த குட்டியையும் பிடிக்கும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. டிஸ்டெம்பர் என்ற நோய் வந்த நாய் தாடை வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். வெறி பிடித்துவிட்டது என்று அடித்தே கொன்றார்கள்.

ரேபிஸுக்கு மனிதர் கொடுத்த விலை வேறு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றால் அந்தத் தலைமுறைக்கு இன்றும் வயிறு கூசும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரானது. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நாய்க்கு வருஷத்துக்கு ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் வீட்டு நாயால் அந்தப் பயமே வந்திருக்காது.

இன்றைக்கு அதே நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சின்ன ஊர்களிலும் மருந்துக்கடைக்கு மாடியில் 'பெட் கிளினிக்' போர்டு தொங்குகிறது. சென்னையில் ஒரே தெருவில் இரண்டு பார்க்கலாம். டோக்கன், ஏசி, ரத்தப் பரிசோதனை இயந்திரம், ஸ்கேன். பார்க்கிற கட்டணம் மட்டும் சில நூறு ரூபாய். கருத்தடை ஆபரேஷன் தனியாரிடம் ஐந்து இலக்கத்தைத் தொடுவது சாதாரணம். அன்று நாய்க்கென்று போக இடமில்லை. இன்று எங்கே போவது, போனால் எவ்வளவு ஆகும் என்று பயந்து போகாமலே இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் கடத்துகிற இரண்டு நாள்தான் பல விலங்குகளின் உயிரைக் குடிக்கிறது.

நான் நல்ல டாக்டர் என்று யாரைச் சொல்வேன் என்றால், காசைப் பற்றிக் கூசாமல் பேச இடம் கொடுக்கிறவரைத்தான். சென்னையில் ஒரு கிளினிக்கில் பூனையோடு காத்திருந்தபோது பார்த்தது இது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், துண்டில் சுற்றிய குட்டியோடு வந்தார். பார்வோ. "எவ்ளோ ஆவும் சார்?" என்று கேட்கும்போதே அவர் தலை குனிந்திருந்தது. டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அட்மிட் பண்ணா தினமும் இவ்ளோம்மா" என்று ஒரு தொகையைச் சொன்னார். "அது வேணாம்னா கால்ல வென்ஃப்ளான் ஊசியை அப்படியே விட்டுக் கட்டிடறேன். காலையும் சாயங்காலமும் தூக்கிட்டு வாங்க, டிரிப்ஸ் ஏத்தி அனுப்பறேன். இதுல பாதிகூட ஆகாது. ஆனா ராத்திரி நீங்கதான் முழிச்சிருந்து பாக்கணும். ரெண்டுலயும் பொழைக்கும்னு என்னால கையடிச்சுத் தர முடியாது." அந்தப் பெண் நிமிர்ந்து, "ராத்திரி நான் பாத்துக்கறேன் சார்" என்றார். குட்டி பிழைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்த டாக்டரைப் பற்றிய என் எண்ணம் மாறியிருக்காது.

ஆகவே குட்டி ஆரோக்கியமாக இருக்கும்போதே, ஒரு தடுப்பூசிக்கென்று போய் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். முதலில் நாயை எடை போடுகிறாரா என்று பாருங்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குப்பியின் அடியில் வெள்ளையாக ஒட்டிக் கிடக்கும் பொடியாக இருந்தால் அதை உங்கள் கண்ணெதிரே நீர்மருந்தில் கலந்து போட வேண்டும். குப்பியின் மேல் இருக்கும் லேபிளை உரித்து உங்கள் நாயின் புத்தகத்தில் ஒட்டித் தேதி எழுத வேண்டும். லேபிள் இல்லாத வெறும் கையெழுத்தை நான் நம்ப மாட்டேன். நாய்க்குட்டி விற்கிறவரே "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சொல்வதை அதைவிடவும் நம்ப மாட்டேன். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் என்றால் கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண் இருக்கும். கேட்பதில் தப்பே இல்லை.

இரவு பதினோரு மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் விடியும்வரை பொறுக்க முடியாது. பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய பெயரைவிட, ஆட்டோவில் கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடக்கூடிய சாதாரண கிளினிக்கும், தன்னால் முடியாததை உடனே வேறிடத்துக்கு அனுப்பும் நேர்மையும் மேல். ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். பெரிய கிளினிக்குகளில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கிறார். ஃபைல் இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு இன்னொரு முறை காசு. பழைய மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொரு வீட்டு மாட்டையும் கொம்பைப் பார்த்தே சொல்வார். அந்த ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம்.

செலவு மிச்சமாவது நோய்க்கு முன்னால்தான். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போடும் ஊசிகளின் மொத்தச் செலவு, பார்வோ வந்து சில நாள் அட்மிட் ஆகும் செலவில் ஒரு பங்குதான். உண்ணிக் காய்ச்சலை முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தீரும். அது மலிவான மருந்து. தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும்வரை விட்டால் வேறொரு உடம்பின் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால், அதே ஆபரேஷனை நள்ளிரவில், பல மடங்கு செலவில், உயிர் போகும் அபாயத்தோடு செய்ய வேண்டும். காசு மிச்சம் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

எந்தக் குட்டியை வாங்குகிறோம் என்பதிலும் செலவு இருக்கிறது. 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கியது. மூக்கு உள்ளே அமுங்கிய அந்த நாய் நம் சித்திரை வெயிலில் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கவே பொறுக்காது. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. தோல் வியாதியும் குறைவு.

பணத்துக்கு வழி? காப்பீடு இருக்கிறது. ஆனால் வயதான நாயையும் ஏற்கெனவே உள்ள நோயையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால் நிபந்தனையைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். என் யோசனை தபால் ஆபீஸ் ஆர்.டி. நாயின் பெயரைச் சொல்லி மாதம் 500 ரூபாய் போட்டு வந்தால், அவசரத்துக்கு நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது. அரசு மருந்தகங்களையும் மறக்க வேண்டாம். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று பல இடங்களில் ரேபிஸ் ஊசி இலவசம். சென்னை மாநகராட்சி 2025இல் நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியபோது, தன் செல்லப்பிராணி மையங்களில் அவற்றைச் செய்து கொடுத்தது. அந்த வரிசையில் நின்று முதல்முறையாக டாக்டரைப் பார்த்த நாய்கள் எத்தனையோ.

பெரிய வியாதி என்றால் சென்னை வேப்பேரி. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரைக்கும் மாட்டுக்கும் மருத்துவம் சொல்லித் தந்த இடத்தில் இன்று நாய்க்கு டயாலிசிஸ் நடக்கிறது, ரத்த வங்கி இருக்கிறது. வெளியூரிலிருந்து விடியற்காலையிலேயே நாயைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். மாணவர்கள் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியை நாலு பேர் கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் கொடுப்பதில் சிறு பங்குக்கு அங்கே மூத்த பேராசிரியர் பார்க்கிறார். ஒரு நாள் கூலி போகும் என்பது மட்டும் உண்மை.

ஒரு கோரிக்கை மிச்சமிருக்கிறது. பார்க்கிற கட்டணம், ஒவ்வொரு தடுப்பூசி, எடைவாரியாகக் கருத்தடை, ஒரு நாள் டிரிப்ஸ் இவற்றின் விலையைக் கிளினிக் வாசலில் தமிழில் எழுதி மாட்டச் சொல்லி கால்நடை மருத்துவ மன்றம் உத்தரவிட வேண்டும். துண்டில் குட்டியைச் சுற்றிக்கொண்டு வருகிற எவரும் தலை குனிந்து கேட்காமல், வாசலிலேயே படித்துவிட்டு உள்ளே வரட்டும்.