தூரத்தின் விலையை யார் தருவது?
ஐரோப்பிய வட்டாரங்களும் பொதுச் சேவைகளும்

மருத்துவமனை, பள்ளி, அஞ்சலகம், பேருந்து, இணையம் ஆகியவை எல்லாருக்கும் உரியவை என்று சொல்ல எந்த அரசாங்கமும் தயங்குவதில்லை. ஆனால், அவற்றை அடைய ஒருவர் பத்து நிமிடம் நடக்கிறார். இன்னொருவரோ மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்கிறார். இருவரும் ஒரே நாட்டின் குடிமக்கள். ஒரே சட்டப்படி வரி கட்டுபவர்கள். அப்படியானால், அந்தத் தூரத்தின் விலையை யார் தருவது?

பொதுக்கொள்கைப் பாடத்தில் ஐரோப்பாவைப் பற்றிப் படித்தபோது என் மனத்தில் ஆழப் பதிந்த கேள்வி இது. இதற்கு அங்குக் கிடைத்த விடைகள் சிலவற்றை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பென்னியில் தொடங்கிய சிந்தனை

1840இல், ரோலண்ட் ஹில் முன்வைத்த அஞ்சல் சீர்திருத்தம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தூரம் கூடக் கூடக் கடிதக் கட்டணமும் கூடியது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் செலுத்தினார். புதிய முறையில், அரை அவுன்ஸ் வரை எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் ஒரு பென்னிதான். தூரத்தின் விலை தனி மனிதரின் தோளிலிருந்து இறங்கி, எல்லாருக்கும் பொதுவான சுமையாக மாறியது.

மருத்துவத்திலும் இதே சிந்தனை பிறந்தது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் நோயாளியைத் தேடி மருத்துவர் வரும் பயணச் செலவே ஏழைகளுக்குச் சிகிச்சையை எட்டாக் கனியாக்கியிருந்தது. 1912இல் டியூவர் குழு இந்நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதன் பயனாக, 1913இல் அவ்வட்டாரத்திற்கென அரசு மானியத்துடன் ஒரு மருத்துவச் சேவை உருவானது. மருத்துவரின் வருமானத்திற்கும் பயணச் செலவிற்கும் அரசு கைகொடுத்ததால், நோயாளி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் குறைந்த கட்டணமே போதுமானதாயிற்று. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை 1948இல்தான் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை புரியும்.

ஒன்றுபோலவா, ஈடாகவா?

எல்லா ஊருக்கும் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கொடுத்துவிட முடியுமா? நூறு பேர் வாழும் மலைக்கிராமத்தில் அறுவைச் சிகிச்சைக் கூடம் கட்டினால், அங்கு நோயாளிகள் போதாமல் மருத்துவரின் கைத்திறனே மங்கிவிடும். இதற்கு ஜெர்மனியின் அரசமைப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மாநிலங்களைக் கடந்து கூட்டரசு எந்த நிலையில் சட்டம் இயற்றலாம் எனக் கூறும் 72ஆவது பிரிவு, 1949இல் வாழ்க்கை நிலைமைகளின் 'ஒருசீர்மை'யைப் பற்றிப் பேசியது. 1994இல் அச்சொல் நீக்கப்பட்டு, 'ஈடான மதிப்புள்ள' வாழ்க்கை நிலைமைகள் என்ற தொடர் சேர்க்கப்பட்டது.

ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஆனால், கிராமத்திற்கு நகரத்தின் நகல் தேவையில்லை, நகரத்துக்கு ஈடான வாய்ப்பு போதும் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. இங்கு ஓர் ஆபத்தும் உண்டு. 'ஈடானது' என்ற சொல்லை அவரவர் வசதிக்கேற்ப வளைத்துவிடலாம். ஆகவே, அதனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

நிமிடங்களால் வரைந்த வரைபடம்

அந்த அளவுகோலை மிகத் தெளிவாகக் காட்டிய நாடு இத்தாலி. ஃபாப்ரிட்சியோ பார்கா என்ற பொருளியலாளர் அமைச்சராக இருந்த காலத்தில் உருவெடுத்த 'உள்பகுதிகள்' திட்டம், ஓர் ஊர் ஏழையா பணக்காரனா என்று முதலில் கேட்கவில்லை. மேல்நிலைப் பள்ளிகள், அவசரச் சிகிச்சைப் பிரிவு கொண்ட மருத்துவமனை, ஓரளவு வசதியுள்ள இரயில் நிலையம் ஆகிய மூன்றும் உள்ள மையத்தை அடைய எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டது. 20 நிமிடத்திற்கு மேல் ஆனால் அது உள்பகுதி. 40ஐத் தாண்டினால் விளிம்புப் பகுதி. 75ஐத் தாண்டினால் கடைக்கோடி. இக்கணக்கின்படி நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடும், மக்களில் ஏறக்குறைய கால் பங்கினரும் உள்பகுதிகளில் அடங்கினர். அவற்றுள் 72 வட்டாரங்கள் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இத்திட்டத்தால் இளையோர் ஊரைவிட்டு வெளியேறுவது நின்றுவிடவில்லை. என்றாலும், 'எங்கள் ஊர் ஒதுக்கப்படுகிறது' என்ற முணுமுணுப்பை, எவரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணாக அது மாற்றியது. எண் கையில் இருந்தால்தான் அரசிடம் வாதிட முடியும்.

எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவமனை

ஐரோப்பிய ஒன்றியம் தன் அளவில் நிதியாலும் சட்டத்தாலும் இதற்குத் துணைநிற்கிறது. தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டிற்கும் குறைவாக உள்ள வட்டாரங்களுக்கு அதன் வட்டார மேம்பாட்டு உதவியில் முன்னுரிமை உண்டு. 2000இல் அறிவிக்கப்பட்டு, 2009இல் சட்ட வலிமை பெற்ற அடிப்படை உரிமைகள் சாசனத்தின் 36ஆவது பிரிவு, பொதுநலச் சேவைகளைப் பெறும் வாய்ப்பை மதிப்பதாகக் கூறுகிறது.

இதன் பயனை நேரில் காட்டுவது செர்தான்யா பள்ளத்தாக்கு. பிரனீஸ் மலையில் உள்ள இப்பள்ளத்தாக்கை 1659ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பிரித்துக் கொடுத்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் வாழ்ந்தோர் பெரிய மருத்துவமனைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்பினியான் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் அது உயிருக்கே உலை வைக்கும் பயணம். 2014இல் ஸ்பெயின் பக்கத்துப் புச்செர்தா நகரில் இரு நாட்டு மக்களுக்குமாக ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அது ஏறத்தாழ 30,000 பேருக்குரியது. கட்டடச் செலவில் 60 விழுக்காட்டை ஐரோப்பிய வட்டார மேம்பாட்டு நிதி ஏற்றது.

தூரம் குறைந்தது, ஆனால், தாள்களின் தூரம் எஞ்சி நின்றது. அங்குப் பிறந்த பிரெஞ்சுப் பெற்றோரின் குழந்தை, சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தை. அங்கு இறந்தவரின் உடலைச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொந்த ஊருக்குக் கொண்டு செல்வதும் பன்னாட்டுப் போக்குவரத்து. கட்டடம் கட்டுவதோடு சேவை முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இணையம் என்னும் புதிய தூரம்

சேவைகளை இணையத்திற்கு மாற்றிவிட்டால் தூரமே இல்லாமல் போய்விடும் எனப் பலரும் நம்பினர். கணினியோடு வளர்ந்த நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், பிரான்சின் உரிமைகள் காப்பாளர் அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொல்கிறது. இணையத்தை மட்டும் நம்பியதால், முதியோர், ஏழைகள், வெளிநாட்டினர் முதலியோர் தங்களுக்குரிய உரிமைகளையே இழக்க நேர்ந்ததை அது எடுத்துக்காட்டியது. இணையம் அல்லாத வழி ஒன்றும் எப்போதும் இருக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது.

2018ஆம் ஆண்டின் மஞ்சள் அங்கிப் போராட்டத்திற்குப் பின், பிரெஞ்சு அரசு 'பிரான்ஸ் சேவை' நிலையங்களை அறிவித்தது. முதல் நிலையங்கள் 2020இல் இயங்கத் தொடங்கின. வரி, ஓய்வூதியம், குடும்ப உதவித்தொகை, வேலைவாய்ப்பு எனப் பல அலுவலகங்களின் பணிகளுக்கு ஒரே இடத்தில் உதவி கிடைக்கும். உதவுவதற்குக் குறைந்தது இரண்டு அலுவலர்கள் இருப்பார்கள். காரில் 30 நிமிடத்திற்குள் எவரும் சென்றடைய வேண்டும் என்பது தொடக்கத்தில் இலக்காக இருந்தது. இன்று அவற்றின் எண்ணிக்கை 2,700ஐத் தாண்டிவிட்டது.

டென்மார்க் வேறு பாதையில் சென்றது. 1624இல் தொடங்கிய அஞ்சல் மரபுள்ள அந்நாட்டில், எல்லாருக்கும் கடிதம் சேர்க்கும் சட்டக் கடமை 2024 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் இறுதியோடு, அரசுக்குச் சொந்தமான போஸ்ட்நார்ட் கடிதங்களை அங்கு விநியோகிப்பதை நிறுத்தியது. தனியார் நிறுவனம் ஒன்று அப்பணியைத் தொடர்கிறது. சிறு தீவுகளுக்கும் பார்வையற்றோருக்குமான அஞ்சலைச் சட்டம் தனியாகக் கவனித்துக்கொள்கிறது. சந்தை தானாகக் கவனிக்காதவர்கள் யார் என்பதை இந்த விதிவிலக்கே சொல்லிவிடுகிறது.

நிறைவாக

தூரத்தை எந்த அரசாலும் ஒழிக்க முடியாது. அதன் விலையைப் பகிர்ந்துகொள்ள முடியும். பகிராவிட்டால், அதைத் தாங்க இயலாதவரே முழுதும் தாங்குவார். இதுவே இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து நான் பெற்ற தெளிவு.

இம்மலரைப் படிக்கும் நம்மில் பலர் நாளை அரசு அலுவலர்களாகவும் திட்டமிடுநர்களாகவும் மென்பொருள் எழுதுநர்களாகவும் வரப்போகிறோம். சிலர் ஏற்கெனவே அப்பொறுப்புகளில் உள்ளனர். ஒரு முகப்பை மூடும் கோப்பு நம் மேசைக்கு வரும்போது, மூன்று கேள்விகளைக் கேட்போம்: இனி இச்சேவையைப் பெற எத்தனை நிமிடம் ஆகும்? கூடுதல் செலவு யார் தலையில் விழும்? இயந்திரம் கைவிட்டால், பேசுவதற்கு ஒரு மனிதர் இருப்பாரா? விடை தெரிந்த பிறகே கையெழுத்திடுவோம்.