சீனா கம்யூனிச நாடா? லுணுகலையிலிருந்து ஒரு பார்வை

லுணுகலையில் இஷா தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்தால், பேச்சு அமெரிக்கா, சீனா என்று போய்விடும். ஒன்று முதலாளித்துவம், மற்றது கம்யூனிசம் என்றே நம்மவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டுச் சொத்தையும் சட்டத்தையும் பார்த்தால் கதை வேறு.

வாரிசுச் சொத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரும் செல்வந்தர் மரணித்தால் அவரது சொத்திலிருந்து 40 வீதம் வரை மத்திய அரசு வரி அறவிடலாம். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் சீனாவிலோ வாரிசு வரியே கிடையாது. அங்கே தொழிலாளர்கள் சுயாதீனமாகத் தொழிற்சங்கம் அமைக்கவும் முடியாது. கட்சியின் கீழுள்ள சங்கம் மட்டும்தான். ஒரு முதலாளிக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

ஆனாலும் நிலமும் பெரிய வங்கிகளும் அங்கு அரசின் பிடியில்தான். நகரத்தில் வீடு வாங்குபவருக்கு அந்த நிலத்தில் கிடைப்பது 70 வருடப் பாவனை உரிமை. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்ததும் சீன அரசுக் கம்பனிதான். அதன் பங்குகள் ஹொங்கொங் சந்தையில் விற்பனையாகின்றன!

அமெரிக்காவும் சுத்தமான முதலாளித்துவம் அல்ல. 2008 இல் வங்கிகள் சரிந்தபோது அரசு 700 பில்லியன் டொலர் ஒதுக்கியது. 2025 இல் இன்டெல் கம்பனியில் சுமார் 10 வீதப் பங்கை அரசே எடுத்துக்கொண்டது.

எமது நாட்டை மட்டும் என்னவென்பது? 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 1978 இல் நாட்டின் பெயரில் 'சோசலிச' என்று சேர்த்தோம்.

ஹொப்டன், மடூல்சீமைப் பக்கத்து மலைகளைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்கள் கம்பனிகளிடம் இருந்தன. 1975 இல் அரசு அவற்றைச் சுவீகரித்தது. 1992 இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை. இன்று நிலம் அரசுடையது, இலாபம் கம்பனியுடையது. முதலாளித்துவமும் வந்தது, தேசியமயமும் வந்தது. லயன்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி மட்டும் வரவில்லை. அவர்களின் சம்பள நாளை நம்பித்தான் நமது கடைகளும் நடக்கின்றன.

அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த மலைகள் அரசுக்கா, கம்பனிக்கா, கொழுந்து பறிப்பவருக்கா என்ற பேச்சு எங்கள் தேநீர்க் கடைக்கு இன்னும் வரவில்லை.