பழைய மோட்டார் வண்டியின் சமிக்ஞை விளக்குகள்: பழுது காணும் முறை பற்றி

1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்த மொறிஸ் மைனர் வண்டியின் உற்பத்தி 1971இல் முற்றாக நின்றது. ஆயின் இலங்கையின் வீதிகளில் அதன் வாழ்வு அவ்வாண்டுடன் முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் இருந்த வண்டிகளையே பேணும் நிலையை நாடெங்கும் உண்டாக்கின. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. இவ்வண்டிகளை உயிருடன் வைத்திருந்தவர்கள் கராஜ் தொழிலாளர்களே. அவர்களது அறிவு கையிலும் கண்ணிலும் தங்கியிருக்கிறதேயன்றித் தாளில் ஏறவில்லை. அவ்வறிவின் ஒரு சிறு பகுதியையேனும் காரண காரியத் தொடர்புடன் எழுதிவைத்தல் வேண்டும் என்பதே எமது நோக்கம். எடுத்துக்கொண்ட பொருள் அற்பமானதன்று. முன்செல்லும் வண்டி நிற்கப்போகிறதா, திரும்பப்போகிறதா என்பதைப் பின்னால் வரும் மிதிவண்டிக்காரனுக்கு அறிவிப்பவை இவ்விளக்குகள் மட்டுமே.

சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். எமது பாடநூல்கள் ஆளி, உருகி, மின்குமிழ், புவித்தொடுப்பு என்கின்றன. கராஜில் சுவிச், பியூஸ், பல்ப், எர்த் என்பர். இரண்டும் ஒரே பொருளையே குறிப்பன. பாடநூற் சொற்களை நாம் இங்கு கையாள்வது, மின்னியலைப் பள்ளியிற் கற்ற ஒருவர் அக்கல்வியை வண்டியின் அடியிலும் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டுதற்கேயாம்.

மின்னோட்டம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். மின்கலவடுக்கிலிருந்து புறப்படும் மின் திறப்பு ஆளியைக் கடந்து, உருகிப் பெட்டியின் ஏ3, ஏ4 என்னும் முனைகளுக்கிடையிலுள்ள 35 அம்பியர் உருகியினூடாகப் பச்சை நிறக் கம்பிகளுக்குச் செல்கிறது. பிறேக் விளக்கு, திரும்பு விளக்கு, எண்ணெய்மானி, மழைத்துடைப்பான் ஆகிய யாவும் இப்பச்சைக் கம்பிகளிலிருந்தே மின்னைப் பெறுகின்றன. எனவே திறப்பைப் போடாமல் பிறேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று கூறுதல் பொருந்தாது. இவை நான்கும் ஒருங்கே நின்றுபோயின் உருகியையோ அதற்கு மின் வரும் வழியையோ ஐயுறலாம். ஒன்று மட்டும் நின்றுபோயின் உருகி குற்றமற்றது. பெரும்பாலான வேளைகளில் உருகி எரிந்திருப்பதில்லை. அதன் முனைகளிற் களிம்பு ஏறியிருக்கும். எடுத்துச் சுரண்டிவிட்டு மீண்டும் பொருத்தினாற் போதும். பச்சையில் ஊதாக் கோடுள்ள கம்பி பிறேக் விளக்குக்கும், சிவப்புக் கோடுள்ளது இடப்பக்கத் திரும்பு விளக்குக்கும், வெள்ளைக் கோடுள்ளது வலப்பக்கத்துக்கும் உரியன. பல தசாப்தங்களில் எத்தனையோ கைகள் பட்ட வண்டியில் இந்நிறங்களை முழுமையாக நம்புதல் தகாது.

விளக்குக்குச் சென்ற மின் திரும்பி வருதற்குத் தனிக் கம்பி இல்லை. வண்டியின் இரும்புடலே திரும்பும் வழியாகும். இங்கேதான் பெரும்பாலான பழுதுகள் பிறக்கின்றன. விளக்கின் தாங்கி மட்கவசத் தகட்டுடன் ஆணியால் இணைக்கப்பட்டுள்ளது. கடற்காற்றும் மாரிச் சேறும் அவ்விணைப்பிற் கறளை வளர்க்கின்றன. வண்டிக்குப் புதிதாகப் பூசப்படும் வர்ணமுங்கூட அவ்விடத்தில் மின்கடத்தாப் படலமாக அமைந்துவிடும். பார்வைக்குப் புதுப்பொலிவுடன் விளங்கும் வண்டியே மின்னியலில் நோயாளியாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 12 உவோற்றில் 21 உவாற்று மின்குமிழ் 1.75 அம்பியரைப் பெறுகிறது. எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். கறளினால் 1 ஓம் தடை மட்டும் புகுந்தாலும் குமிழுக்குக் கிடைப்பது 10.5 உவோற்று அளவேயாகும். அழுத்தம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. ஒளியோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இழையின் ஒளி அழுத்தத்தைக் காட்டிலும் மிக விரைவாக வீழும் இயல்புடையது. விளக்கு 'எரிகிறது' என்று சொந்தக்காரர் மனநிறைவு கொள்வார். நண்பகல் வெயிலில் பின்னால் வருபவருக்கு அது தெரியாது.

புவித்தொடுப்பு முற்றாக அற்றுப்போனால் நிகழ்வது மேலும் சுவையானது. பின்மின்குமிழில் இரண்டு இழைகள் உள்ளன: பிறேக்குக்கு 21 உவாற்று, பின்விளக்குக்கு 6 உவாற்று. இரண்டிற்கும் பொதுவான திரும்பும் வழி குமிழின் பித்தளை உறையே. அவ்வழி அடைபட்டபின் பிறேக்கை மிதித்தால், மின் பிறேக் இழையைக் கடந்து உறைக்கு வந்து, போக்கிடமின்றிப் பின்விளக்கிழையினுள் நுழைந்து, பின்விளக்குக் கம்பி வழியே ஏனைய சிறுவிளக்குகளின் இழைகளை அடைந்து, அவற்றின் புவித்தொடுப்பால் வெளியேறும். இவ்வழியிற் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகவே பிறேக் இழை ஒளிராது. அதற்குப் பதிலாகப் பின்விளக்கிழை மங்கலாக எரியும். இரவில், சிறுவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது பிறேக்கை மிதித்தால், அப்பக்கத்துப் பின்விளக்கு அணைந்துவிடும். இரண்டு கம்பிகளிலும் அப்போது 12 உவோற்று இருத்தலின் இழைகளுக்குக் குறுக்கே அழுத்தவேறுபாடு இல்லை என்பதே காரணம். வண்டி நிற்கப்போகும் அந்த நொடியில் அதன் ஒரு பக்கம் இருளில் மறைகிறது. இதனைப் 'பேய் பிடித்த வயறிங்' என்று வேடிக்கையாகக் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். பேய் ஏதுமில்லை, ஓமின் விதி தன் கடமையைச் செய்கிறது.

எமக்குத் தெரிந்த ஒரு வண்டியில் இக்குறைக்காக மின்குமிழ் மூன்று முறையும் பிறேக் ஆளி ஒரு முறையும் மாற்றப்பட்டன. ஒரு துண்டுக் கம்பியின் ஒரு நுனியை விளக்குத் தாங்கியிலும் மறு நுனியைச் சுரண்டிய உடற்பகுதியிலும் தொட்டதும் விளக்கு முழு ஒளியுடன் எரிந்தது. செலவு ஏதுமில்லை. பொருளை மாற்றிப் பார்த்தல் சோதனையன்று, அது சூதாட்டம். வழியை இரு கூறாகப் பிரித்து, மின் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தலே சோதனை. இரு கம்பிகள் பூட்டிய ஒரு சிறு மின்குமிழே இதற்குப் போதிய கருவியாகும்.

பிறேக் விளக்குகள் இரண்டும் ஒருங்கே எரியாவிடின் ஆளியை நோக்குதல் வேண்டும். மைனரில் இவ்வாளி மிதியில் இல்லை. பிறேக் எண்ணெய்க் குழாயின் இணைப்பிலே திருகப்பட்டுள்ளது. எண்ணெயின் அழுத்தம் அதன் உட்தகட்டைத் தள்ள, தொடுகைகள் இணைகின்றன. அதன் இரு கம்பிகளையும் கழற்றி ஒன்றோடொன்று தொடும்போது விளக்கு எரிந்தால் ஆளியே குற்றவாளி. தொடுகைகள் தேய்ந்த ஆளி மிக அழுத்தி மிதித்தால் மட்டும் இணையும். மென்மையாக வேகங் குறைக்கையில் மௌனமாக இருக்கும். கராஜில் நின்ற நிலையில் ஓங்கி மிதித்துப் பார்ப்பவருக்கு இக்குறை ஒருபோதும் புலப்படாது. மெதுவாக மிதித்துப் பார்க்க வேண்டும்.

ஆளியைச் சுற்றி ஈரம் காணப்படின் கதை வேறு. அது பிறேக் எண்ணெய். இவ்வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றே உண்டு. ஓரிடத்து ஒழுக்கு எல்லாப் பிறேக்குகளையும் பறித்துவிடும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவ்வண்டியை வீதியில் இறக்கக்கூடாது. ஆளியை மாற்றிய பின்னர் குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்றுதல் இன்றியமையாதது.

திரும்பு விளக்கைச் சிமிட்டச் செய்வது உருளை வடிவான ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே இறுகக் கட்டப்பட்ட மெல்லிய கம்பி மின்னாற் சூடேறி நீள்கிறது. தொடுகைகள் இணைந்து விளக்கு எரிகிறது. கம்பி குளிர்ந்து சுருங்க விளக்கு அணைகிறது. அதன் தாளம் இரு 21 உவாற்றுக் குமிழ்களின் சுமைக்கேற்ப அமைந்ததாகும். ஒரு குமிழ் எரிந்துபோனால் தாளம் மாறும். ஆகவே ஒரு பக்கத்தில் மட்டும் தாளம் பிழைத்தால் அப்பக்கத்துக் குமிழ்களையும் புவித்தொடுப்பையும் பார்க்க வேண்டும். இரு பக்கத்திலும் பிழைத்தாற் பெட்டியை ஐயுறலாம். இயந்திரம் மெதுவாக ஓடுகையில் மட்டும் சிமிட்டல் தளர்வது தைனமோவின் இயல்பான பலவீனம்.

அக்கால ஆங்கில வண்டிகள் சிலவற்றில் பின்புறத்தே பிறேக்குக்கும் திரும்புதலுக்கும் ஒரே சிவப்பு இழை பயன்பட்டது. எதற்கு மின் செல்லவேண்டும் என்பதை ஒரு ரிலே தீர்மானித்தது. அத்தகைய வண்டியில் ஒரு பக்கத்துத் திரும்பு விளக்கு நன்கு சிமிட்டியும் அப்பக்கத்துப் பிறேக் விளக்கு எரியாவிட்டால் குமிழும் புவித்தொடுப்பும் நலம். ரிலேயின் ஓய்வுநிலைத் தொடுகை கருகியிருக்கலாம்.

இன்று ஒளியுமிழ் இருவாயிக் குமிழ்களை வாங்கிப் பொருத்துவோர் பலர். அவற்றின் சிறு மின்னோட்டத்திற்குப் பழைய சிமிட்டுப் பெட்டி அசையாது. அன்றியும் இவ்வண்டிகள் பெரும்பாலானவற்றில் மின்கலவடுக்கின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. இக்காலக் குமிழ்களிற் பல எதிர்முனைப் புவித்தொடுப்புக்கென ஆக்கப்பட்டவை, அவை எரியா. புதிய மின்னணுச் சிமிட்டுப் பெட்டியோ பழுதடைந்தும் போகலாம். வாங்குமுன் முனையைக் கேட்டறிதல் வேண்டும். எதை மாற்றினாலும், அன்றிரவே வண்டியை ஒரு வெள்ளைச் சுவருக்குப் பின்புறங் காட்டி நிறுத்தி, முதலிற் சிறுவிளக்குகளை அணைத்தும் பின்னர் ஏற்றியும், பிறேக்கை மெல்ல மிதித்துச் சுவரில் விழும் இரு செவ்வொளிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு இரண்டாம் ஆள் வேண்டியதில்லை.