நெமோ இறந்தானா? விஞ்ஞானப் புனைகதையொன்றின் முடிவும் வாசகர் ஊகமும்

புனைகதைப் பாத்திரமொன்று உண்மையில் இறந்துவிட்டதா, அன்றி உயிர்தப்பி எங்கேனும் வாழ்கின்றதா என வாசகர் ஊகிப்பது வெறும் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. விஞ்ஞானப் புனைகதைகளை விரும்பிப் படிப்போரிடையே இவ்வழக்கம் மிகுதி. தொடர்கதைகளை விற்கும் பதிப்பு வணிகம் இவ்வார்வத்தை முதலாக்கிக் கொள்கின்றது என்பதும் உண்மையே. ஆயின் விளக்கம் அவ்வளவில் நிறைவுறுவதில்லை. ஒரு மரணம் ஏன் ஐயத்துக்கிடமாக எழுதப்பட்டது என வினவுமிடத்து, படைப்பைப் பிறப்பித்த சமூக உறவுகள் புலனாகின்றன. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் படைத்த கப்டன் நெமோ இதற்குத் தக்க சான்றாவான்.

‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்னும் நாவல் 1869 மார்ச் முதல் 1870 யூன் வரை பாரிஸ் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்தது. நிலவுலகைத் துறந்து, நோட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியிற் கடலாழத்தில் உலவும் நெமோவுக்கு நாடும் இல்லை, இயற்பெயரும் இல்லை. நெமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘எவனுமல்லன்’ என்பதே பொருள். போர்க்கப்பலொன்றை மூழ்கடித்தபின், நோர்வேக் கரையோரப் பெருஞ்சுழலில் நோட்டிலஸ் அகப்படுகின்றது. அதிற் சிறைப்பட்டிருந்த பேராசிரியர் அரொனாக்ஸும் அவருடைய தோழர் இருவரும் தப்பிவிடுகின்றனர். நெமோவின் முடிவைக் கண்டவர் எவருமிலர். அவன் உயிரோடுள்ளானா என்று கதைசொல்லியான அரொனாக்ஸே வினவி நிற்க, நாவல் முடிகின்றது. எனவே, ஊகத்துக்கான வித்தை ஆசிரியரே ஊன்றிவிட்டார் எனலாம்.

இறந்தானா என்ற வினாவினுள்ளே, அவன் யார் என்ற மற்றொரு வினா பொதிந்துள்ளது. அதற்கான தடயங்களும் நாவலிலேயே உள. இலங்கையின் மன்னார் முத்துக்குளிப்புப் பகுதியில் சுறாவிடம் சிக்கிய ஏழை இந்தியக் குளியாளன் ஒருவனை நெமோ மீட்கின்றான். முத்துப்பையொன்றை அவனுக்கு அளிக்கின்றான். ஒடுக்கப்பட்டோர் நாட்டைச் சேர்ந்தவன் அவன் என்றும், தானும் அந்நாட்டினனே என்றும் கூறுகின்றான். நெமோவின் அறைச்சுவரிலே போலந்தின் கொஸ்கியூஸ்கோ, அயர்லாந்தின் ஓ’கொனல், அமெரிக்காவின் ஜோன் பிரவுண் முதலியோரின் உருவப்படங்கள் தொங்குகின்றன. இவற்றைக் கூட்டிப் பார்க்கும் வாசகன், பழிவாங்கலின் பின்னே அடக்குமுறைக்குள்ளான ஒரு தேசம் இருப்பதை உய்த்துணர்கின்றான்.

அத்தேசத்தின் பெயர் ஏன் மறைக்கப்பட்டது? 1863இல் ருஷ்யப் பேரரசுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்த போலந்தின் பிரபு ஒருவனாகவே நெமோவைச் சித்திரிக்க வேர்ண் எண்ணியிருந்தார். பதிப்பாளர் ஹெட்ஸல் அதற்கு இணங்கவில்லை. அவருடைய நூல்களுக்கு ருஷ்யா முக்கியமான சந்தை. அடிமை வணிகத்தின் பகைவனாக நெமோவை ஆக்கலாம் என்ற ஹெட்ஸலின் மாற்று யோசனையை வேர்ண் ஏற்கவில்லை. இவ்விழுபறியின் விளைவாகவே நெமோ நாடற்றவனானான். பிறப்பிடம் கூறப்படாத ஒருவனுக்கு வரலாற்றுப் பொருள்கொண்ட மரணத்தை அளித்தல் அரிது. ஆகவே அவன் சுழலில் மறைந்தான்.

விடை 1875இற் கிடைத்தது. 1874 ஜனவரியில் தொடங்கிய ‘மர்மத் தீவு’ தொடரின் இறுதியில், தீவில் ஒதுங்கியோருக்கு மறைந்திருந்து உதவியவன் நெமோவே எனத் தெரியவருகின்றது. அவன் புந்தேல்கண்ட் அரசகுமாரன் டக்கார்; 1857 இந்தியக் கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன். முதல் நாவலின்படி 1868 யூனிற் சுழலில் மறைந்தவன், இரண்டாவதிலே பதினாறு ஆண்டுகள் கடந்த முதியவனாக அதே 1868 ஒக்டோபரில் இறக்கின்றான்! ஆண்டுகள் பொருந்தாமையை நூலின் அடிக்குறிப்பே ஒப்புக்கொள்கின்றது. காலக்கணக்கைப் பலியிட்டேனும் நெமோவுக்கு ஒரு தேசத்தை வழங்க வேண்டிய தேவை மேலோங்கியமை இதனாற் புலனாகும்.

போலந்து இந்தியாவாயிற்று, ருஷ்யாவின் இடத்திற்கு பிரித்தானியா வந்தது. பிரான்சின் சந்தையில் அது இடரற்ற பகையாயிருந்தது. இங்கிலாந்தின் நிலை வேறு. 1875இல் கிங்ஸ்டனின் பெயரில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, கிளர்ச்சி பற்றிய பகுதியைப் பிரித்தானியர்க்குச் சார்பாகத் திரித்தது. இறக்கும் வேளையில் நெமோ உச்சரிப்பது கையெழுத்துப் பிரதியிற் சுதந்திரம் என்னும் ஒரே சொல். அச்சுநூலிலோ கடவுளும் தாயகமும் அதனிடத்தைப் பெற்றன. ஒருவனுடைய மரணமும் பதிப்பாளரின் திருத்தத்துக்கு உட்பட்ட பண்டமாயிற்று.

வேர்ணின் எல்லையும் ஈண்டு சுட்டத்தக்கது. இன்றியமையாத முன்னேற்றத்தை எதிர்த்தமையே நெமோவின் பிழையென அமெரிக்கப் பொறியியலாளன் ஸ்மித் தீர்ப்பளிக்கின்றான். அதே கிளர்ச்சியைப் பற்றி 1857இல் எழுதிய கார்ல் மார்க்ஸோ, சிப்பாய்களின் கொடுஞ்செயல்கள் இங்கிலாந்தின் நடத்தையினது பிரதிபலிப்பே எனக் காட்டினார். ஸ்மித்தின் தீர்ப்பிலே குடியேற்ற ஆதிக்கம் முன்னேற்றம் என்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது. நோட்டிலஸ் போன்ற வியத்தகு பொறியை ஆக்கியவனே முன்னேற்றத்தின் பகைவனெனப்படும் முரண்பாட்டை நாவல் தீர்க்கவில்லை.

ஆதலின், நெமோ இறந்திருக்கமாட்டான் என்ற ஊகத்தை அறியாமையென்று ஒதுக்குதல் பொருந்தாது. பிரதியிலிருந்து நீக்கப்பட்ட வரலாற்றை வாசகன் தன்னையறியாமலே தேடியதன் வெளிப்பாடு அது. இவ்வகை ஊகங்களை ஆராயப் புகுவோர், பாத்திரம் பிழைத்ததா என்பதோடு நில்லாது, அதன் முடிவை மங்கலாக்கியதால் யாருடைய நலன் காக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.